ஆய்வுக்கூடத்தில் நிலைத்த நாவோ, கடைவாசலில் திணறிய பெப்பர்

2013 ஜூலையில் டோக்கியோவின் மிராய்கன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஹோண்டாவின் அசிமோ ரோபோவை வழிகாட்டியாக நிறுத்திச் சோதித்துப் பார்த்தார்கள். அசிமோ அப்போது உலகப் புகழ் பெற்ற ரோபோ. ஓடும், படியேறும், பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்து காகிதக் கோப்பையில் ஊற்றும். அருங்காட்சியகத்தில் அதற்குக் கொடுத்த வேலை இதையெல்லாம்விடச் சுலபமானது. தன்னைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, "அசிமோவிடம் யாருக்குக் கேள்வி இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். யார் கை தூக்குகிறார்கள் என்று பார்த்து, அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

கூட்டத்தில் பாதிப்பேர் படம் எடுக்கக் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். தூக்கிய கை எது, கைபேசி பிடித்த கை எது என்று அசிமோவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நடுவில் உறைந்து நின்று, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டது. இத்தனைக்கும் பார்வையாளர்கள் வாயால் கேட்பதை அது கேட்டுப் புரிந்துகொள்ளும் ஏற்பாடே அங்கே இல்லை. சுமார் நூறு கேள்விகள் தொடுதிரையில் இருந்தன. அதில் ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மனித உருவ ரோபோ விற்பவர்களின் கையேடுகளைப் புரட்டினால் "கல்வி, ஆராய்ச்சி மேம்பாடு, வணிக வழிகாட்டல்" என்று மூன்று பயன்களையும் ஒரே மூச்சில் அடுக்கியிருப்பார்கள். வகுப்பில் பாடம் நடத்தும், ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் நிரல் எழுதிப் பழகலாம், கடைவாசலில் நிறுத்தினால் வருபவருக்கு வழி சொல்லும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் இந்த மூன்று இடங்களிலும் இந்த ரோபோக்களுக்கு நேர்ந்தது ஒன்றுபோல் இல்லை. அதைப் பார்க்க நல்ல உதாரணம் ஒரே நிறுவனத்திலிருந்து வந்த இரண்டு ரோபோக்கள்: நாவோ, பெப்பர்.

2005இல் பாரிஸில் புருனோ மெசோனியே என்பவர் ஆல்டெபரான் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் படைப்பு நாவோ. உயரம் 58 செ.மீ., எடை ஐந்தரைக் கிலோவுக்குப் பக்கம். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இடுப்பில் தூக்கிக்கொண்டு போகலாம். தலையில் இரண்டு கேமரா, நான்கு மைக், பாதங்களில் அழுத்தத்தை உணரும் சென்சார்கள், உடலுக்குள் சாய்வை அளக்கும் கருவி. மொத்தம் 25 அசைவுகள்: தலைக்கு இரண்டு, கைகளுக்கு விரல்மடக்கும் சேர்த்துப் பன்னிரண்டு, கால்களுக்குப் பத்து, இடுப்புக்கு ஒன்று. இந்த இடுப்பு ஒன்று கவனிக்க வேண்டிய சங்கதி. இரண்டு கால்களையும் வெளிப்பக்கம் திருப்பும் மூட்டுகளுக்கு நாவோவில் ஒரே மோட்டார்தான். ஒரு காலை மட்டும் தனியாக அப்படித் திருப்ப முடியாது, திரும்பினால் இரண்டும் சேர்ந்தே திரும்பும். செலவையும் எடையையும் குறைக்கச் செய்த ஏற்பாடு இது. நடை நிரல் எழுதும் ஒவ்வொரு மாணவரும் முதல் வாரத்திலேயே இதில் முட்டிக்கொள்வார்.

நாவோவுக்கு வாழ்வு கொடுத்தது கால்பந்து. ரோபோகப் என்ற உலகப் போட்டி 1997இல் ஜப்பானின் நகோயாவில் தொடங்கியது. 2050க்குள் மனிதர்களின் உலகக் கோப்பை சாம்பியன்களை ரோபோ அணி ஒன்று வெல்ல வேண்டும் என்பது அதன் அறிவிக்கப்பட்ட இலக்கு. அதில் ஒரு பிரிவில் எல்லா அணிகளும் சோனியின் ஐபோ நாய் ரோபோவை வைத்து விளையாடிக்கொண்டிருந்தன. 2006இல் சோனி ஐபோவை நிறுத்திவிட்டது. அந்த இடத்துக்கு வேறு ரோபோ தேவைப்பட்டது. 2008இல் சீனாவின் சூஜோவில் நடந்த போட்டியில் நாவோ முதன்முதலாகக் களமிறங்கியது.

இந்தப் பிரிவின் விதி எளிமையானது. எல்லோருக்கும் ஒரே ரோபோ. ஒரு திருகைக்கூட மாற்றக் கூடாது. ஆட்டம் தொடங்கிவிட்டால் ரிமோட்டைத் தொடக் கூடாது. வித்தியாசம் நிரலில் மட்டும். பணக்காரப் பல்கலைக்கழகம் விலையுயர்ந்த மோட்டார் வாங்கி ஜெயிக்க முடியாது. ஜெர்மனியின் பிரேமன் நகரத்து பி-ஹியூமன் அணி இதில் பலமுறை வென்றது. அதைவிட முக்கியம், அந்த அணி தன் நிரலை ஆண்டுதோறும் பொதுவெளியில் போட்டுவிடும். புதிதாக வரும் அணி சாம்பியனின் நிரலை எடுத்துப் படித்து அங்கிருந்து தொடங்கலாம். சமையல்காரர் ரசப்பொடி ரகசியத்தை ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடமும் பந்தியில் பெயர் வாங்குவது மாதிரி.

விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு கடினமாக்கப்பட்டன. ஆரம்பத்தில் பந்து பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். ஒரு கோல் கம்பம் நீலம், இன்னொன்று மஞ்சள். படத்தில் ஆரஞ்சுப் புள்ளிகளைத் தேடினால் பந்து கிடைத்துவிடும். 2012இல் இரண்டு கோல் கம்பங்களையும் மஞ்சளாக்கினார்கள். உடனே தன் கோல் எது, எதிரியின் கோல் எது என்பது ரோபோவுக்குக் குழப்பமாயிற்று. மைதானம் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒன்றாகவே இருக்கும். தான் எங்கிருந்து எங்கே வந்தோம் என்ற நினைவு இல்லாவிட்டால் சொந்தக் கோலிலேயே போட்டுவிடும். 2015இல் கம்பங்கள் வெள்ளையாகின. 2016இல் பந்தும் சாதாரணக் கறுப்பு வெள்ளைப் பந்தானது. தரையில் வெள்ளைக் கோடு, வெள்ளைக் கம்பம், வெள்ளை நிற ரோபோ, இவற்றுக்கு நடுவே வெள்ளைப் பந்து. நிறத்தை வைத்துப் பந்தைத் தேடிய பழைய நிரல்கள் ஒரே வருடத்தில் பழங்கணக்காகின. நிறைய படங்களைக் காட்டிப் பழக்கினால் தானே கற்றுக்கொள்ளும் மென்பொருளான நரம்பு வலைப்பின்னல்களை நாவோவின் மெலிந்த கணினிக்குள் எப்படி அடக்குவது என்பது அடுத்த பாடமானது.

இந்தப் போட்டியில் ரோபோக்கள் விழுந்துகொண்டே இருக்கும். முட்டி மோட்டார் சூடேறி நடை தள்ளாடும். இரண்டு ரோபோ மோதிக் கை சிக்கிக்கொண்டு உருளும். விழுந்தால் தானே எழுந்து நிற்பதற்கும் ஒரு நிரல் வேண்டும், அதை யாராவது எழுத வேண்டும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். மாணவர்களுக்கோ ஒவ்வொரு விழுதலும் ஒரு பதிவுக்கோப்பு. அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து, பாதத்தின் எந்த சென்சார் எந்த நொடியில் என்ன சொன்னது என்று தேடுவார்கள். ஆய்வுக்கூடத்தில் ரோபோவின் தோல்விக்கு மதிப்பு உண்டு என்று சொல்வது இதைத்தான். ரோபோ சரியாக வேலை செய்துவிட்டால் மாணவருக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை.

வகுப்பறைக் கதை இவ்வளவு நேர்க்கோட்டில் போகவில்லை.

ஜப்பானில் டகயுகி கண்டா, ஹிரோஷி இஷிகுரோ குழுவினர் ரோபோவி என்ற ரோபோ இரண்டை ஒரு தொடக்கப் பள்ளியில் 18 நாள் வைத்துப் பார்த்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. ரோபோக்கள் ஆங்கிலத்தில் மட்டுமே பேசும். முதல் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சட்டையில் அடையாள வில்லை மாட்டியிருப்பார்கள். ரோபோ அதைப் படித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடும். முதல் நாள் ரோபோவைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். ஒரு வாரம் கழிந்ததும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆர்வம் வடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் விடாமல் ரோபோவோடு பழகிய சில பிள்ளைகளிடம் மட்டும் ஆங்கிலத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஏற்கெனவே கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள்தான் அதிகம் ஒட்டிக்கொண்டார்கள் என்பதும் அந்த ஆய்விலிருந்து கிடைக்கிற செய்தி.

ரோபோ பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்றுக்கொள்கிறார்களா என்ற கேள்வியை, ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் நேரடியாகக் கேட்டது. நெதர்லாந்தில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் 194 பேருக்கு ஏழு பாடங்களில் ஆங்கிலச் சொற்கள் கற்றுக்கொடுத்தார்கள். சிலருக்கு நாவோவும் டேப்லட்டும், சிலருக்கு டேப்லட் மட்டும், சிலருக்குப் பாடம் இல்லாமல் வெறும் நடன விளையாட்டு. 2019இல் முடிவு வந்தது. பாடம் கேட்ட பிள்ளைகள் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் பக்கத்தில் நாவோ இருந்ததால் கூடுதலாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. நாவோ கையசைத்துக் காட்டிச் சொன்ன சொற்களும் சும்மா சொன்ன சொற்களும் மனதில் ஒரே அளவுதான் தங்கின. நாவோவை வைத்தே ஆராய்ச்சி செய்பவர்கள் வெளியிட்ட முடிவு இது என்பதால் எனக்கு இதன் மேல் மதிப்பு அதிகம். விற்பனைக் கையேடுகளில் இது இருக்காது.

அப்படியானால் வகுப்பில் ரோபோவுக்கு இடமே இல்லையா? ஸ்விட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் செய்து பார்த்த ஒன்று எனக்குப் பிடித்தமானது. அங்கே ரோபோ வாத்தியார் இல்லை, மாணவர். கையெழுத்து மோசமான மாணவர். எழுதுவதற்குச் சிரமப்படும் பிள்ளையிடம், "இந்த நாவோவுக்கு எழுதவே வரவில்லை, நீதான் சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்று ஒப்படைப்பார்கள். நாவோ கையைக் காற்றில் அசைக்கும், டேப்லட்டில் கோணல்மாணலாக ஓர் எழுத்து தோன்றும். பிள்ளை திருத்தி எழுதிக் காட்டும். நாவோவின் அடுத்த எழுத்து கொஞ்சம் சீராக வரும். வகுப்பில் கடைசிப் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தானும் ஒருவருக்குக் கற்றுத்தர முடியும் என்ற நிலை அங்கே அமைகிறது. டேப்லட்டைப் பார்த்து "பாவம், அதற்குத் தெரியவில்லை" என்று எந்தப் பிள்ளையும் இரக்கப்படாது. குட்டி உருவம் இருந்தால் இரக்கம் வருகிறது. மனித உருவம் உண்மையிலேயே கூலி வாங்கத் தகுந்த வேலை செய்வது இந்த இடத்தில்தான். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷைர் பல்கலைக்கழகத்தில் 2005 முதல் வளர்ந்த காஸ்பர் என்ற பொம்மை ரோபோவும் இந்த வகை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டது. முகபாவங்களை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறார்கள். மனித முகத்தின் ஓயாத சலனம் அந்தப் பிள்ளைகளைத் திணறடிக்கும் என்பதால்.

2024இல் திருவனந்தபுரம் மாவட்டப் பள்ளி ஒன்றில் சேலை கட்டிய ஐரிஸ் என்ற ரோபோ ஆசிரியை நின்றதைப் பத்திரிகைகளில் படம் பார்த்திருப்பீர்கள். செயற்கை நுண்ணறிவோடு பேசும் திறன் அதற்கு இருந்தது. அதைப் பற்றி வந்த செய்திகள் எல்லாம் முதல் நாள் செய்திகள். எனக்குத் தெரிய வேண்டியது பத்தொன்பதாம் நாள் அந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் அதைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பது.

சரி, பெப்பருக்கு வருவோம். 2012இல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் ஆல்டெபரானின் பெரும்பங்கை வாங்கியது. 2014 ஜூனில் அதன் தலைவர் மசயோஷி சொன் மேடையில் பெப்பரை அறிமுகப்படுத்தினார். சுமார் 120 செ.மீ. உயரம், 28 கிலோ. கால்கள் கிடையாது, பாவாடை மாதிரி ஒரு அடிப்பாகத்துக்குள் மூன்று சக்கரம். நெஞ்சில் ஒரு டேப்லட். கால்களை எடுத்துவிட்டது புத்திசாலித்தனம்: விழாது, நாவோவைப்போல ஒன்றரை மணி நேரத்தில் மின்கலம் தீராமல் கடை திறந்திருக்கும் நேரம் பூராவும் தாங்கும். மனிதரின் உணர்ச்சியைப் படிக்கும் ரோபோ என்று விளம்பரம். 2015 ஜூனில் பொதுமக்களுக்கு 1,98,000 யென்னுக்கு விற்பனைக்கு வந்தபோது முதல் ஆயிரமும் ஒரு நிமிடத்தில் தீர்ந்தன. மாதாமாதம் கட்ட வேண்டிய சேவைக் கட்டணமும் காப்பீடும் தனி. மூன்று வருடத்தில் அவை ரோபோவின் விலையைப் பல மடங்கு தாண்டும். நிறுவனங்களுக்கு மாதம் 55,000 யென் வாடகை. நெஸ்லே காபி இயந்திரம் விற்க எடுத்தது, மிசுஹோ வங்கி கிளைகளில் நிறுத்தியது. 2017இல் ஒரு நிறுவனம் இறுதிச் சடங்கில் புத்த மந்திரம் ஓதவும் பெப்பருக்கு அங்கி மாட்டிப் பார்த்தது.

2021இல் ராய்ட்டர்ஸ் செய்தி வந்தது: மொத்தம் 27,000 பெப்பர்கள் செய்யப்பட்டன, 2020லேயே உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டது. மந்திரம் ஓதும் வேலையும் போயிருந்தது.

ஏன் என்று புரிந்துகொள்ள எடின்பரோவில் ஒரு மளிகைக் கடைக்குப் போக வேண்டும். ஹெரியட் வாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிபிசி நிகழ்ச்சிக்காக ஒரு பெப்பருக்கு ஃபேபியோ என்று பெயர் வைத்து மார்ஜியோட்டா என்ற கடையில் உதவியாளராக நிறுத்தினார்கள். பீர் எங்கே என்று கேட்டால், "மதுபானப் பகுதியில்" என்றது. கேள்வி அதுவா? மதுபானப் பகுதி எங்கே என்பதுதானே கேட்டவருக்கு வேண்டும். பிறகு இறைச்சிச் சாம்பிள் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். கால் மணி நேரத்தில் ஃபேபியோவால் இரண்டு பேரைத்தான் நிறுத்த முடிந்தது, கடை ஊழியரால் பன்னிரண்டு பேரை. சிலர் ரோபோ நிற்கும் வரிசையையே தவிர்த்துச் சுற்றிப் போனார்கள். ஒரு வாரத்தில் சீட்டுக் கிழிந்தது. அதைப் பெட்டியில் வைத்து மூடியபோது ஊழியர்கள் சிலர் அழுதுவிட்டார்களாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் ஃபேபியோ மேல் கோபம் வராது. நீங்கள் ரோபோவிடம் ஒரு கேள்வி கேட்கிறீர்கள் என்று வையுங்கள். முதலில் நாலு மைக்கும் கேட்ட ஒலியை ஒப்பிட்டு, சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணக்கிட வேண்டும். நீங்கள் பேசியது அதனிடமா, பக்கத்திலிருக்கும் மனைவியிடமா என்று தீர்மானிக்க வேண்டும். பிறகு கடையின் பாட்டு, குழந்தை அழுகை, ரசீது அடிக்கும் சத்தம், தன் மோட்டார்களின் இரைச்சல் எல்லாவற்றையும் விலக்கி உங்கள் பேச்சை எழுத்தாக்க வேண்டும். அந்த எழுத்திலிருந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஊகிக்க வேண்டும். பதிலைத் தேடி, குரலாக்கி, வாய்க்கு ஏற்பக் கையசைக்க வேண்டும். ஆறு படிகள், ஒவ்வொன்றும் பத்துக்கு ஒன்பது தடவை சரியாக அமைகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆறையும் பெருக்கினால் பாதியை ஒட்டித்தான் வருகிறது. கடைக்கு வந்தவர்களில் கிட்டத்தட்ட இரண்டில் ஒருவருக்குத் தப்பான பதில், அல்லது "மன்னிக்கவும், திரும்பச் சொல்லுங்கள்".

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தத் தலைமுறை ரோபோக்கள் பொதுவாகத் தாம் பேசும்போது காதை மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் தம் குரலையே கேள்வி என்று எடுத்துக்கொள்ளும். நம் ஆட்களோ எதிராளி முடிக்கும் முன்பே குறுக்கே பேசித்தான் பழக்கம். நாம் பேசிய முதல் பாதி அதன் காதில் விழுந்தே இருக்காது. கடைசியில் பார்த்தால், பொறுமையிழந்த வாடிக்கையாளர் அதன் நெஞ்சிலிருக்கும் டேப்லட்டைத் தட்டித் தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்வார். அப்படியென்றால் ஒரு கம்பத்தில் டேப்லட்டை மாட்டி வைத்திருக்கலாமே என்ற கேள்வி மேலாளருக்கு எழாமல் இருக்குமா? நாகசாகியில் 2015இல் ரோபோக்களை வைத்துத் திறந்த ஹென்னா ஓட்டலில் அறைக்குள் இருந்த பொம்மை ரோபோ, விருந்தினரின் குறட்டையைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு நடு இரவில் எழுப்பிப் பேசியது. அங்கிருந்த 243 ரோபோக்களில் பாதிக்கும் மேல் 2019 தொடக்கத்துக்குள் வேலையிலிருந்து நீக்கப்பட்டன.

அப்புறம் பிள்ளைகள். ஒசாகாவில் ஒரு வணிக வளாகத்தில் ரோபோவியை உலவ விட்ட ஆய்வாளர்கள், பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத பிள்ளைக் கூட்டம் ரோபோவை மறித்து, உதைத்து, அடிப்பதைப் பார்த்தார்கள். தீர்வாக ஒரு நிரல் எழுதினார்கள். சுற்றியிருப்பவர்களின் உயரத்தை ரோபோ அளக்கும். 1.4 மீட்டருக்குக் குறைந்தவர்கள் கூட்டமாக நெருங்கினால், பெரியவர் எவராவது நிற்கும் பக்கம் நகர்ந்துவிடும். அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளிவதை ஒரு ரோபோவுக்குக் கற்றுக்கொடுத்த ஆய்வு, 2015இல் அதிகாரபூர்வமாக வெளியானது.

நம் ஊரும் இந்தப் பட்டியலில் உண்டு. 2016 நவம்பரில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி சென்னை தியாகராய நகரில் லட்சுமி என்ற ரோபோவை நிறுத்தியது. இந்திய வங்கிகளில் அதுதான் முதல். 125க்கும் மேற்பட்ட விஷயங்களில் பதில் சொல்லும் என்றார்கள். அதில் ஓர் ஏற்பாடு நல்ல யோசனை. வட்டி விகிதம் மாதிரிப் பொதுக் கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லும். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது மாதிரி அந்தரங்கச் செய்திகளைத் திரையில் மட்டும் காட்டும். வரிசையில் பின்னால் நிற்பவருக்கு நம் இருப்புத்தொகை தெரிய வேண்டாமே. ஆனால் லட்சுமி அறிமுகமானபோது பேசியது ஆங்கிலம். தி.நகர் வங்கிக் கிளையில் யாருக்கு வழிகாட்டி தேவை? செல்லான் எழுதத் தெரியாமல், யாரைக் கேட்பது என்று தயங்கி நிற்பவருக்கு. அவர் ஆங்கிலத்தில் கேட்பாரா? அடுத்த இரண்டு மாதத்தில் மும்பையில் எச்டிஎஃப்சி வங்கி, கொச்சியில் உருவான ஐரா ரோபோவை நிறுத்தியது. பெங்களூரு இன்வென்டோ நிறுவனத்தின் மித்ரா ரோபோ 2017இல் ஹைதராபாத் மாநாட்டில் பிரதமர் மோடியையும் இவாங்கா டிரம்ப்பையும் மேடையில் வரவேற்றது. திறப்பு விழா அன்று இவை எல்லாமே பத்திரிகைக்கு வந்தன. ஒரு விளம்பரச் செலவாகப் பார்த்தால் நட்டமில்லை என்றுகூடச் சொல்லலாம். வரவேற்பு வேலைக்கு ஆள் எடுத்த செலவாகப் பார்த்தால்தான் கணக்கு உதைக்கிறது.

மொழிச் சிக்கல் நாவோவுக்கும் உண்டு. சுமார் இருபது மொழிகள் பேசக்கூடிய அதன் பட்டியலில் செக்கும் ஃபின்னிஷும் உண்டு, தமிழ் இல்லை. தமிழில் பேச வைக்க வேண்டுமானால் வெளியிலிருந்து பேச்சு மென்பொருளை இணைத்து நாமே கோக்க வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கு இது நல்ல திட்ட வேலை. பள்ளிக்கூட டீச்சருக்கு இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பொறியியல் கல்லூரியில் பல லட்சம் கொடுத்து வாங்கிய குட்டி மனித உருவ ரோபோ ஒன்று கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. தர ஆய்வுக் குழு வரும் நாளில் எடுத்துத் துடைப்பார்கள். "எப்போது கடைசியாக நடந்தது?" என்று கேட்டேன். ஆய்வக உதவியாளர் சிரித்தார். "பேட்டரி போயிருச்சு சார். புதுசு வெளிநாட்டிலிருந்து வரணும். சாவி ஹெச்ஓடி மேடத்துகிட்ட." மாணவர்கள் கீழே போட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் அலமாரிக்குக் காரணம். விழாமல் காப்பாற்றிய ரோபோவால் அந்தக் கல்லூரியில் ஒருவரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

வாங்கிய பிறகு யார் பராமரிப்பது என்ற கேள்வி கல்லூரி அளவில் மட்டும் நிற்பதில்லை. ஆல்டெபரான் 2022இல் சாஃப்ட்பேங்கின் கையிலிருந்து ஜெர்மன் குழுமமான யுனைடெட் ரோபாட்டிக்ஸிடம் போனது. 2025இல் திவாலாகி, ஜூனில் பாரிஸ் நீதிமன்றத்தால் கலைக்கப்பட்டது. அடுத்த மாதம் ஷென்ஜெனைச் சேர்ந்த மேக்ஸ்விஷன் நிறுவனம் சொத்துகளை வாங்கியது. உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் இருக்கும் நாவோக்களுக்கு உதிரி பாகமும் மென்பொருள் புதுப்பிப்பும் இனி அங்கிருந்து வந்தால் உண்டு. இந்த விஷயத்தில் ஃபிரெஞ்சு சிற்பி கேயல் லாஞ்சுவேன் 2012இல் தொடங்கிய இன்மூவ் வேறு வழி. முழு மனித உருவ ரோபோவின் பாகங்களும் வரைபடமாகப் பொதுவில் கிடக்கின்றன. முப்பரிமாண அச்சு இயந்திரம் இருந்தால் உடைந்த விரலை அன்றிரவே அச்சடித்துக்கொள்ளலாம். நாவோவைப்போல நடக்காது, அழகாகவும் இராது. ஆனால் பயமில்லாமல் பிரித்துப் போடலாம்.

இப்போது நிலைமை இரண்டு பக்கமிருந்து மாறுகிறது. சாட்ஜிபிடி வகை மொழி மாதிரிகள் வந்தபின், மேலே சொன்ன ஆறு படிகளில் "என்ன கேட்கிறார், என்ன பதில் சொல்வது" என்ற நடுப் படிகள் வெகுவாகத் தேறிவிட்டன. தமிழிலும் சுமாராகப் பேசும். காது இன்னும் அதே காதுதான். சந்தை இரைச்சல் குறையவில்லை. பீர் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை இன்று காலை கடை ஊழியர் மாற்றி வைத்திருந்தால் எந்த மொழி மாதிரிக்கும் தெரியாது. கடையின் சரக்குக் கணக்கோடு அதை இணைத்துத் தினமும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தையும் ரோபோவின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுபவர் குறைவு.

மறுபக்கம் விலைச் சரிவு. சீனாவின் யூனிட்ரீ 2024 மே மாதம் ஜி1 என்ற மனித உருவ ரோபோவை 99,000 யுவானுக்கு அறிவித்தது. சுமார் 35 கிலோ எடை, எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை உயரம், நடக்கும், ஓடும், தள்ளிவிட்டால் சமாளித்து நிற்கும். 2025 ஜூலையில் ஆர்1 என்ற இன்னொன்று 39,900 யுவானில் தொடங்கியது. நாவோ விலைக்கு அதைவிட இருமடங்கு உயர ரோபோ கிடைக்கும் காலம் வந்துவிட்டதே என்று நம் கல்லூரிகளும் விசாரிக்கத் தொடங்கிவிட்டன. விசாரிப்பவர்கள் விலைப்பட்டியலில் ஒரு வரியைத் தவறவிடக் கூடாது. அந்த 99,000 யுவான் ஜி1 அடிப்படை மாதிரி. அது ரிமோட்டில் நடக்கும், ஆடும், கையசைக்கும். ஆனால் அதற்குள் புகுந்து நம் நிரலை எழுதி ஓட்டும் வசதி அதில் கிடையாது. அந்த வசதி இடியூ என்று பெயரிட்ட கல்வி மாதிரியில்தான் இருக்கிறது, அதற்கு விலை தனி.